வெண்டியைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்

முதலில் ஒரு எச்சரிக்கை. 'தி ஷைனிங்' படத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால், இந்தப் பதிவில் கதை முழுக்க வரும், முடிவும் வரும். படம் வந்தது 1980இல். நான் பிறக்க முதலே வந்துவிட்டது. ஆகவே 'கதையைச் சொல்லிக் கெடுத்துவிட்டீர்கள்' என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

நான் அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு 16 வயது. டிசம்பர் விடுமுறை, பெரியம்மா வீடு, லண்டன். அண்ணா ஒரு நண்பனிடம் இரவல் வாங்கி வந்த டிவிடி. நாங்கள் ஆறு பேர், பாதிப் பேர் சோபாவில், பாதிப் பேர் கார்ப்பெட்டில். பயப்படுவதற்குத்தான் உட்கார்ந்தோம். ஆனால் அரை மணித்தியாலத்துக்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டோம். யாரைப் பார்த்து? கோடரி தூக்கிய ஜாக்கைப் பார்த்து இல்லை. அவன் எங்களுக்கு ஹீரோ மாதிரி. நாங்கள் சிரித்தது அவனுடைய மனைவி வெண்டியைப் பார்த்து. அவளுடைய பெரிய கண்கள், கத்தி பிடிக்கும் விதம், கையை ஆட்டி ஆட்டி ஓடும் ஓட்டம். அண்ணா எழும்பி நின்று அவளைப் போலவே நடித்துக் காட்டினான். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

படிக்கட்டுக் காட்சி வந்த நேரம் பெரியம்மா தேத்தண்ணி கொண்டு வந்தா. வெண்டி கையில் பேஸ்போல் மட்டையுடன், பின்பக்கமாகவே படி ஏறுகிறாள். ஜாக் சிரித்தபடி, மெதுவாகக் கதைத்தபடி அவளை நோக்கி ஏறுகிறான். பெரியம்மா தட்டை வைக்காமல் கதவடியில் நின்று பார்த்தா. பிறகு சொன்னா:

"அந்தப் பிள்ளை எவ்வளவு பயந்துபோய் நிக்குது. நீங்கள் இருந்து சிரிக்கிறியள்."

அவ்வளவுதான். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டா. நாங்கள் ஒரு நிமிடம் அமைதியாக இருந்தோம். பிறகு அண்ணா அதையும் பெரியம்மாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினான். திரும்பவும் சிரித்தோம்.

இப்போது என் வயது முப்பதுகளின் பாதியைத் தாண்டிவிட்டது. அந்த டிசம்பருக்குப் பிறகு அந்தப் படத்தைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பெரியம்மா ஒரு காட்சியைப் பார்த்துப் புரிந்துகொண்டது எனக்குப் பிடிபடக் கிட்டத்தட்ட 16 வருடம் எடுத்தது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கதை, சுருக்கமாக

ஜாக் டொரன்ஸ் ஒரு முன்னாள் ஆசிரியர். எழுத்தாளராக ஆசைப்படுகிறவர். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் ஓவர்லுக் என்று ஒரு பெரிய ஹோட்டல். குளிர்காலத்தில் பனியால் பாதை மூடிவிடும், ஆகவே ஹோட்டலும் மூடப்படும். அந்த மாதங்களில் கட்டடத்தைப் பராமரிக்கும் வேலை ஜாக்குக்குக் கிடைக்கிறது. மனைவி வெண்டி, சின்ன மகன் டேனி, இவர்களுடன் அங்கே போகிறார். டேனிக்கு நடந்ததும் நடக்கப்போவதும் தெரியும் ஒரு சக்தி உண்டு. ஹோட்டலுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. முன்பு அங்கே வேலை செய்தவன் தன் மனைவியையும் இரண்டு மகள்மாரையும் கொன்றவன். மாதங்கள் போகப் போக ஜாக் மாறுகிறான். கடைசியில் கோடரியைத் தூக்குகிறான்.

ஸ்டீபன் கிங் 1977இல் எழுதிய நாவல் இது. படம் எடுத்தவர் ஸ்டான்லி குப்ரிக். கதை நடப்பது அமெரிக்காவில் என்றாலும், ஹோட்டலின் உட்புறம் முழுக்கக் கட்டப்பட்டது இங்கே, வடலண்டனை ஒட்டிய எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில். எட்ஜ்வெயாரில் இருந்து பஸ்ஸிலேயே போகலாம். அந்தப் பனி மூடிய செடிப் புதிர்வழியில் நீங்கள் பார்க்கிற பனியில் பெரும்பகுதி உப்பு. இது தெரிந்த பிறகும் எனக்கு அந்தக் காட்சியில் குளிர்கிறது. அதுதான் குப்ரிக்.

ரகசியக் குறியீடு தேடும் கூட்டம்

பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படித்த காலத்தில் நான் இந்தப் படத்தின் வெறியன் ஆனேன். என்னைப் போன்றவர்களுக்கு இது ஒரு புதையல். உதாரணத்துக்கு, ஹோட்டல் மனேஜரின் அறையில் ஒரு ஜன்னல் இருக்கிறது, அதில் வெளிச்சம் வருகிறது. ஆனால் ஜாக் நடந்து வந்த வழியைக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்தச் சுவருக்குப் பின்னால் தாழ்வாரம்தான் இருக்க வேண்டும். அங்கே ஜன்னல் வரவே முடியாது. நான் தாளில் ஹோட்டலின் வரைபடம் கீறி இதைச் சரிபார்த்தேன். பரீட்சைக்குக் கூட அவ்வளவு கவனமாகப் படம் கீறியிருக்க மாட்டேன்.

என்னைவிட மோசமானவர்கள் நிறைய இருக்கிறார்கள். 2012இல் 'ரூம் 237' என்று ஒரு ஆவணப்படம் வந்தது. 'தி ஷைனிங்' உண்மையில் எதைப் பற்றியது என்று ரசிகர்கள் சொல்லும் விளக்கங்கள்தான் அந்தப் படம் முழுக்க. சமையல் சாமான் அறையில் இருக்கும் பேக்கிங் பவுடர் டின்னில் செவ்விந்தியரின் தலை தெரிகிறது, ஆகவே இது அமெரிக்கப் பழங்குடிகள் அழிக்கப்பட்ட கதை என்கிறார் ஒருவர். தட்டச்சு இயந்திரம் ஜெர்மன் பிராண்ட், ஆகவே இது யூத இனப்படுகொலை பற்றியது என்கிறார் இன்னொருவர். டேனியின் ஸ்வெட்டரில் அப்பல்லோ 11 ராக்கெட் இருக்கிறது, ஆகவே நிலவில் இறங்கிய படத்தைத் தானே ஸ்டூடியோவில் எடுத்ததாகக் குப்ரிக் ஒப்புக்கொள்கிறார் என்கிறார் மூன்றாமவர்.

இதில் முதலாவதை நான் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். அந்த ஹோட்டல் பழங்குடிகளின் இடுகாட்டில் கட்டப்பட்டது என்று படத்திலேயே ஒரு வசனம் வருகிறது. ஆனால் இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. டின்னையும் ஸ்வெட்டரையும் கார்ப்பெட்டையும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறோம். படத்தில் யாரும் ஒளித்து வைக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

ஹோட்டலுக்குப் போக முன்னமே, பேய் எதுவும் வர முன்னமே, இந்த அப்பா இந்தப் பிள்ளையின் கையை முறுக்கித் தோள்மூட்டைக் கழற்றியிருக்கிறார்.

இங்கிலாந்தில் காட்டப்படாத காட்சி

இதில் எங்களுக்கு ஒரு சாட்டு உண்டு. அது பலருக்குத் தெரியாது.

'தி ஷைனிங்' இரண்டு நீளங்களில் இருக்கிறது. அமெரிக்கப் பதிப்பு சுமார் 144 நிமிடம். அமெரிக்காவில் வெளியான பிறகு, ஐரோப்பாவுக்காகக் குப்ரிக்கே ஏறக்குறைய 25 நிமிடத்தை வெட்டினார். ஆகவே பிரிட்டனில் திரையரங்கிலும் டிவிடியிலும் பல வருடம் ஓடியது 119 நிமிடப் பதிப்பு. பெரியம்மா வீட்டில் நாங்கள் பார்த்ததும் அதுதான். 2012இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் நீண்ட பதிப்பை இங்கே திரையரங்குகளில் வெளியிட்டது. நான் போகவில்லை. 'எத்தனையோ தரம் பார்த்த படம்தானே' என்று இருந்துவிட்டேன்.

வெட்டப்பட்டவற்றில் ஒரு முழுக் காட்சி இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில், ஹோட்டலுக்குப் போக முன், டேனி வீட்டில் மயங்கி விழுகிறான். ஒரு பெண் டாக்டர் வீட்டுக்கு வந்து பார்க்கிறார். பிறகு வெண்டியும் டாக்டரும் முன்னறையில் இருந்து கதைக்கிறார்கள். டேனிக்கு ஒரு காயம் வந்ததாக வெண்டி வாய்தவறிச் சொல்லிவிடுகிறாள். என்ன காயம் என்று டாக்டர் கேட்கிறார். வெண்டி சிரித்துக்கொண்டு விளக்குகிறாள். ஜாக் குடித்திருந்தான், வீட்டுக்கு நேரம் பிந்தி வந்தான், பிள்ளை அவனுடைய தாள்களை எல்லாம் அறை முழுக்கப் பரப்பி வைத்திருந்தான், ஜாக் அவனைப் பிடித்து இழுத்தான், தோள்மூட்டு கழன்றுவிட்டது. தற்செயலாக நடந்ததுதான், எல்லாப் பெற்றோரும் செய்கிறதுதான், கொஞ்சம் பலம் கூடிவிட்டது. அதற்குப் பிறகு அவன் குடியை விட்டுவிட்டான், ஐந்து மாதமாகத் தொடவில்லை. அதனால் ஒரு நன்மையும் நடந்தது தானே?

சொல்லும் நேரம் முழுக்க அவள் கையில் சிகரெட் எரிகிறது. சாம்பல் நீண்டுகொண்டே போகிறது, அவள் தட்டவில்லை. டாக்டரின் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவும் இல்லை. காட்சி முடிகிறது.

இப்போது இதே சம்பவம் ஜாக்கின் வாயால் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஹோட்டலின் வெறும் பாரில், இல்லாத ஒரு பரிமாறுபவனிடம் அவன் புலம்புகிறான். அந்தப் பிள்ளையின் தலைமுடியைக்கூடத் தொட மாட்டேன் என்கிறான். பிறகு, ஒரே ஒரு தரம் நடந்தது என்கிறான். அது மூன்று வருடத்துக்கு முன் என்கிறான். அதே கதைக்குள் தான் குடிக்காமல் இருப்பது ஐந்து மாதம் என்றும் சொல்கிறான்.

கணக்கைக் கவனியுங்கள். தோள்மூட்டு கழன்றது மூன்று வருடத்துக்கு முன். குடியை விட்டது ஐந்து மாதத்துக்கு முன். காயத்துக்குப் பிறகு உடனே திருந்திவிட்டான் என்பது போல வெண்டி டாக்டரிடம் சொன்ன கதை இந்தக் கணக்கில் நிற்காது. இடையில் இரண்டரை வருடத்துக்குக் கிட்ட இருக்கிறது. அந்த வருடங்களில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று படம் சொல்வதில்லை.

ஹோட்டல் ஜன்னலைக் கண்டுபிடித்து வரைபடம் கீறிய எனக்கு இந்தக் கழித்தல் கணக்குத் தெரியவில்லை. நான் பார்த்த பதிப்பில் வெண்டியின் பக்கம் இல்லை என்று சாட்டுச் சொல்லலாம். ஆனால் ஜாக்கின் பக்கம் இருந்தது. அவன் வாயாலேயே சொன்னான். எனக்கு அது கேட்கவில்லை.

அந்த ஜனவரி

2021 ஜனவரி. இங்கிலாந்தில் மூன்றாவது ஊரடங்கு. பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தன. மகளுக்கு அப்போது ஐந்து வயது. இரண்டு அறை வீடு. சாப்பாட்டு மேசைதான் என் ஒஃபிஸ். ஒரு வாடிக்கையாளரின் புதிய சிஸ்டம் நேரலைக்குப் போக வேண்டிய வாரம். நான் இரண்டு கிழமையாகச் சரியாக நித்திரை கொள்ளவில்லை.

ஒரு நாள் பின்னேரம், நான் அழைப்பில் இருந்தபோது, மகள் என் அச்சடித்த டிசைன் தாள்களை எடுத்து நிலத்தில் பரப்பி, அதில் கிரேயொனால் வீடு கீறிக்கொண்டிருந்தாள். நான் மைக்கை மியூட் செய்துவிட்டுக் கத்தினேன். அவள் கையில் இருந்த தாளைப் பறித்தேன். கிரேயொன் பெட்டி பறந்துபோய்ச் சுவரில் அடித்தது.

பிள்ளைமேல் கை வைக்கவில்லை.

இந்த வசனத்தை எழுதிவிட்டுத் திரும்பப் பார்க்கிறேன். ஜாக் பாரில் இருந்து சொன்னதும் இதே ரகம்தான்.

அவள் அழவில்லை. அப்படியே நின்றாள். அதற்கு அடுத்த நாட்களில் நான் கவனித்தது இது: முன்னறைக்குள் வர முன் அவள் மனைவியிடம் போய் மெதுவாக, "அப்பா இப்ப கோவமா?" என்று கேட்டுவிட்டு வருவாள். ஐந்து வயதுப் பிள்ளை. வீட்டின் வானிலை பார்த்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

அந்த வார இறுதியில் மனைவி தன் அம்மாவுடன் ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தா. குசினிக் கதவு பாதி திறந்திருந்தது. "அவருக்கு வேலை கொஞ்சம் கூட அம்மா. நித்திரையும் இல்லை. அதாலதான். மற்றும்படி ஒண்டும் இல்லை." சொல்லிவிட்டு ஒரு சின்னச் சிரிப்பு.

அதே கிழமை, நித்திரை வராத ஒரு இரவில், 'தி ஷைனிங்' நீண்ட பதிப்பைப் போட்டேன். பழக்கமான படம், பார்த்தபடி தூங்கிவிடலாம் என்று நினைத்தேன். டாக்டர் வந்தார். வெண்டி கதைக்கத் தொடங்கினாள். தாள்கள் என்றாள். அறை முழுக்கப் பரப்பி வைத்திருந்தான் என்றாள். சின்னச் சிரிப்பு ஒன்று சிரித்தாள்.

நான் படத்தை நிறுத்திவிட்டு இருட்டில் இருந்தேன். நான் ஜாக் இல்லை, குடிக்கிறவனும் இல்லை, கோடரிக்கும் எனக்கும் நிறையத் தூரம். ஆனால் அந்தத் தூரத்தை அளந்து பார்க்க வேண்டிய நிலைக்கு வந்திருந்தேன் என்பது அன்றுதான் விளங்கியது.

பேய் எங்கே இருக்கிறது?

நாங்கள் வளர்ந்த வீடுகளில் பேய்ப்படம் என்றால் 2005க்குப் பிறகு 'சந்திரமுகி'தான். அதில் பிரச்சினை மனைவிக்கு. கணவன் நல்லவன். கடைசியில் மனநல டாக்டர் வந்து சரிசெய்வார். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். எனக்கு அந்தப் படமும் பிடிக்கும். ஆனால் 'தி ஷைனிங்' எங்களிடம் கேட்பது வேறு. வீட்டில் யாரைப் பார்த்துப் பிள்ளை பயப்படுகிறதோ, அவரே வீட்டின் தலைவராக இருந்தால் எந்த டாக்டர் வருவார்? இந்தப் படத்தில் ஒரு டாக்டர் வந்தார். ஒரு கேள்வி கேட்டார். போய்விட்டார்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் படத்தின் பயம் இடம் மாறுகிறது. எல்லோரும் கோடரிக் காட்சியைச் சொல்வார்கள். எனக்கு இப்போது மிகவும் பயமான காட்சி ஒரு கட்டிலில் நடக்கிறது. டேனி தன் விளையாட்டுத் தீயணைப்பு வண்டியை எடுக்க, சத்தம் போடாமல் அறைக்குள் வருகிறான். அப்பா நித்திரை என்று நினைத்தால், அவர் கட்டிலில் விழித்தபடி இருக்கிறார். கூப்பிட்டு மடியில் வைத்துத் தலையைத் தடவுகிறார். அம்மாவையும் என்னையும் ஏதும் செய்ய மாட்டீங்கள்தானே என்று பிள்ளை கேட்கிறான். அப்பா உடனே 'மாட்டேன்' என்று சொல்லவில்லை. அம்மா உனக்கு அப்படிச் சொன்னாவா என்றுதான் திருப்பிக் கேட்கிறார். அந்த இடத்தில் பேயும் இல்லை, இரத்தமும் இல்லை.

டேனி மூன்று சக்கர வண்டியில் ஹோட்டலைச் சுற்றும் காட்சிகளும் அப்படித்தான். கரெட் பிரவுன் என்பவர் கண்டுபிடித்த ஸ்டெடிகேம் கருவியைத் தாழ்வாகப் பிடித்து, பிள்ளையின் உயரத்தில் பின்னாலேயே போகிறார்கள். மரத்தரையில் சக்கரம் கடகடக்கும், கார்ப்பெட்டில் ஏறியதும் சத்தம் செத்துவிடும், திரும்பவும் கடகட. நான் முன்பு இதைத் தொழில்நுட்பமாக மட்டும் ரசித்தேன். சில வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி வேறு மாதிரிக் கேட்கும். எந்தப் படியில் மிதித்தால் சத்தம் வரும், எந்தப் படியில் வராது என்று தெரிந்த பிள்ளைகள் அவர்கள்.

வெண்டிக்கு நாங்கள் செய்தது

1980இல் படம் வந்தபோது விமர்சகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆண்டின் மோசமான படங்களுக்குக் கொடுக்கும் ராஸி விருது 1981இல் தொடங்கியது. அந்த முதல் பட்டியலிலேயே மோசமான இயக்குநர் என்று குப்ரிக்கின் பெயரும், மோசமான நடிகை என்று வெண்டியாக நடித்த ஷெல்லி டுவாலின் பெயரும் இருந்தன. வருடங்கள் போக, குப்ரிக்கின் மதிப்பு ஏறியது. 2018இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்தப் படத்தைப் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஷெல்லி டுவாலின் பெயரை ராஸிக்காரர்கள் திரும்பப் பெற்றது 2022இல்தான். படப்பிடிப்பில் அவர் நடத்தப்பட்ட விதத்தைக் காரணமாகச் சொன்னார்கள். 41 வருடம். 2024 ஜூலையில் அவர் காலமானார்.

படப்பிடிப்பில் என்ன நடந்தது என்பதை ஓரளவு நாமே பார்க்கலாம். குப்ரிக்கின் மகள் விவியன் எடுத்த சின்ன ஆவணப்படம் இருக்கிறது. அதில் குப்ரிக் டுவாலிடம் எரிந்து விழுகிறார், மற்றவர்கள் முன்னால் கடிந்துகொள்கிறார். மாதக்கணக்கில் நாள் முழுக்க அழ வேண்டியிருந்தது என்று டுவால் அந்தக் காலத்திலேயே பேட்டியில் சொன்னார். பிற்காலத்தில் குப்ரிக் தன்னிடம் அன்பாகவும் இருந்தார் என்றும் சொன்னார். இரண்டையும் அவரே சொன்னதால் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயம் என் மனதை விட்டுப் போவதில்லை. டேனியாக நடித்த சின்னப் பையனுக்கு இது பேய்ப்படம் என்றே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு கவனம். அந்தக் கவனத்தில் ஒரு பங்கு அந்த நடிகைக்கும் கிடைத்திருக்கலாம்.

ஸ்டீபன் கிங்குக்கும் இந்த வெண்டியைப் பிடிக்காது. கத்துவதற்கும் முட்டாளாக நிற்பதற்கும் மட்டும் வைத்த பாத்திரம், பெண்களை இழிவு செய்கிறது என்பது அவர் கருத்து. அவர் நாவலில் வெண்டி இதைவிட உறுதியானவள். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது: கமெராவுக்கு ஜாக் மேல்தான் காதல். ஆனால் முழுதாக என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த முறை படத்தைப் பார்க்கும்போது ஜாக்கை விட்டுவிட்டு வெண்டியை மட்டும் பின்தொடர்ந்து, அவள் செய்வதைப் பட்டியல் போடுங்கள். நான் போட்டேன்.

ஹோட்டலைப் பராமரிக்கும் சம்பளம் ஜாக்குக்கு. கொதிகலன் அறையில் மீட்டர்களைப் பார்ப்பது வெண்டி. சமைப்பது வெண்டி. தொலைபேசி அறுந்தபோது ரேடியோவில் காட்டிலாகாவைக் கூப்பிட்டுக் கதைப்பது வெண்டி. பிள்ளையுடன் விளையாடுவது வெண்டி. ஜாக் மாதக்கணக்கில் ஒரே ஒரு பழமொழியைத் தாள் தாளாகத் தட்டச்சு செய்கிறான். படிக்கட்டில் அழுது நடுங்கியபடியே அவனை அடித்து விழுத்துகிறாள். அவ்வளவு பாரமான மனிதனைத் தரையில் இழுத்துக்கொண்டு போய்ச் சாமான் அறையில் பூட்டுகிறாள். குளியலறையில் தான் வெளியேற முடியாத ஜன்னலால் பிள்ளையை வெளியே தள்ளிவிடுகிறாள். கதவுக்குள் நீளும் கையைக் கத்தியால் வெட்டுகிறாள். கடைசியில் பிள்ளையோடு பனிவண்டியில் ஏறித் தப்பிப்பது அவள்தான்.

இவ்வளவும் செய்தவளை நாங்கள் கோழை என்று சிரித்தோம். ஏனென்றால் அவள் அழகாகப் பயப்படவில்லை. மூக்கு ஒழுகுகிறது, குரல் உடைகிறது, கை ஆடுகிறது. உண்மையாகப் பயந்த மனிதர் அப்படித்தான் இருப்பார். படங்களில் அழகாகப் பயந்து பழகிய முகங்களைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு அது பகிடியாகத் தெரிந்தது.

அந்தக் கதவு உடையும் காட்சியை நினைத்துப் பாருங்கள். 1994இலேயே 'சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூன் அதைப் பகிடி பண்ணிவிட்டது. நம்மில் பலர் படத்தைப் பார்க்க முதலே அந்தப் பகிடியைப் பார்த்தவர்கள். உடைந்த பலகைக்குள்ளால் சிரிக்கும் ஜாக்கின் முகம் போட்ட டிஷேர்ட் என்னிடமும் ஒன்று இருந்தது. அதே கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி நிற்கிறாள். அந்தப் பக்கத்தில் நின்று அந்தக் காட்சியைப் பார்க்கும்படி அந்த டிஷேர்ட் என்னிடம் ஒருபோதும் கேட்டதில்லை.

'சும்மா ஒரு படம்தானே?'

இப்படி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். நானும் கேட்டிருப்பேன். பேய்ப்படம் பார்த்துச் சிரிப்பது குற்றம் இல்லை. பயம் கூடும்போது சிரிப்பு வருவது இயல்பு, திரையரங்கில் பாதிச் சிரிப்பு அதுதான். குறியீடு தேடுவதும் பிழை இல்லை. அந்த ஜன்னலை நான் இன்னும் புதிதாகப் பார்க்கிறவர்களுக்குக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் சொல்வது ஒன்றுதான். ஒரு படத்தில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம், யாருடைய வசனத்தை மனப்பாடம் செய்கிறோம் என்பது எங்களைப் பற்றியும் ஏதோ சொல்கிறது. கத்துகிற அப்பாவை 'மாஸ்' என்றும், நடுங்குகிற அம்மாவைத் தொல்லை என்றும் பார்க்கப் பழகிய கண் டிவியை நிறுத்தியதும் நின்றுவிடாது. அது வீட்டுக்குள்ளும் அப்படியே பார்க்கும்.

என் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால், பெரிய கதை இல்லை. அடுத்த நாள் காலை மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்பா கத்தினது பிழை. நீங்கள் ஒண்டும் பிழை செய்யேல்லை" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் அந்தத் தாள்களை இனித் தரலாமா என்று கேட்டாள். மனைவியிடம், எனக்காக யாருக்கும் சாட்டுச் சொல்ல வேண்டாம் என்றேன். அவ நிறைய நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நிறையச் சொன்னா. கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் என் நித்திரையையும் கோபத்தையும் பற்றிச் சொல்லி, சில வாரம் ஆலோசனைக்குப் போனேன். மகள் "அப்பா இப்ப கோவமா?" என்று கேட்பதை நிறுத்த எத்தனையோ மாதம் எடுத்தது. மன்னிப்புக் கேட்க ஒரு நிமிடம் போதும். பிள்ளை நம்புவதற்கு அது போதாது.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் அந்த மூன்று சக்கர வண்டியின் சத்தத்தை அறிந்தவர்களாக இருக்கலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு வானிலை இருந்தால், அது உங்கள் பிழை இல்லை. ஒரு ஆசிரியரிடமோ டாக்டரிடமோ நம்பிக்கையான ஒரு அக்காவிடமோ சொல்லுங்கள். முதல் ஆள் அந்தப் படத்து டாக்டர் மாதிரிக் கேட்டுவிட்டுப் பேசாமல் போனால், இரண்டாவது ஆளிடம் சொல்லுங்கள். உங்கள் நண்பன் சிரித்துக்கொண்டே 'எங்கட வீட்டில் இது வழமைதான்' என்று ஏதாவது சொன்னால், அந்தச் சிரிப்போடு சேர்ந்து சிரித்துவிட்டு விடாதீர்கள். இன்னொரு கேள்வி கேளுங்கள்.

பெரியம்மா வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. அந்த வீட்டில் பின்னேரம் வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டால் அண்ணா ரிமோட்டை எடுத்து டிவிச் சத்தத்தைக் குறைப்பான். பெரியப்பா வேலையால் வந்துவிட்டார் என்று அர்த்தம். நாங்கள் எல்லோரும் காலை மடக்கிக்கொண்டு ஒழுங்காக இருப்போம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வேலை கூட, களைத்துப்போய் வாறார் என்று பெரியம்மா சொல்லுவா.

போன கோடையில் பெரியம்மாவைப் பார்க்கப் போனபோது அந்தப் படம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். பெயர் அவவுக்குத் தெரியவில்லை. படியில் மட்டையோடு நின்ற பெண் என்று சொன்னேன்.

"ஓம், ஓம்," என்றா. "அந்தப் பிள்ளை கடைசியில தப்பினதோ?"

அவ்வளவு வருடமும் அவவுக்கு முடிவு தெரியாது. அன்றைக்குத் தட்டை வைத்துவிட்டுப் போனவ திரும்பி வந்து பார்க்கவே இல்லை. தப்பிவிட்டாள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றேன்.

"நல்லது," என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போட எழும்பினா. நான் இருக்கச் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனேன்.